கொத்தமல்லியா மரவள்ளியா: மஞ்சக்குப்பத்துக் கடையும் அதன் சத்துப் பலகையும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில், பெரிய தெருவிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில், கீரைக்கும் கிழங்குக்கும் பெயர்பெற்ற சிறிய காய்கறிக் கடை ஒன்று இருக்கிறது. விடியற்காலையில் திருப்பாதிரிப்புலியூர் பான்பரி மார்க்கெட்டுக்கோ உழவர் சந்தைக்கோ போய்வர முடியாத வீடுகளுக்கு அந்தக் கடைதான் கைகொடுக்கிறது. அங்கே தொடர்ந்து காய் வாங்குபவன் என்ற முறையில் அதன் சரக்கைப் பற்றியும், அண்மையில் முகப்பில் மாட்டப்பட்ட சத்துப் பலகையைப் பற்றியும் எழுதுகிறேன். பலகையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அதைப் படித்துவிட்டு, கையில் எடுத்த கிழங்கைத் திரும்பக் கூடையில் போட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கிறேன்.

பலகையில் இரண்டு பத்திகள் உள்ளன. ஒரு பக்கம் பச்சைக் கொத்தமல்லித் தழை, மறுபக்கம் மரவள்ளிக்கிழங்கு. இரண்டுக்கும் 100 கிராம் கணக்கில் சத்துகளை எழுதி, மல்லியில் இரும்புச்சத்து ஆறு மடங்குக்கு மேல், சுண்ணாம்புச்சத்து நான்கு மடங்கு, பொட்டாசியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று கணக்குப் போட்டு, அடியில் சிவப்பு எழுத்தில் "கிழங்கைக் குறைப்பீர், தழையைக் கூட்டுவீர்" என்று முடித்திருக்கிறார்கள். எண்களில் பிழை இல்லை. அந்த எண்களிலிருந்து எடுத்த முடிவுதான் சமையலறைக்குப் பொருந்தவில்லை.

முதலில் எண்களையே பார்ப்போம். அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவு அட்டவணைப்படி, 100 கிராம் பச்சைக் கொத்தமல்லியில் 92 கிராம் தண்ணீர். ஆற்றல் 23 கலோரி. மாவுச்சத்து முதலிய கார்போஹைட்ரேட் 3.7 கிராம், புரதம் 2.1 கிராம், நார்ச்சத்து 2.8 கிராம், சுண்ணாம்புச்சத்து 67 மில்லிகிராம், இரும்புச்சத்து 1.77 மில்லிகிராம், பொட்டாசியம் 521 மில்லிகிராம், வைட்டமின் சி 27 மில்லிகிராம். அதே எடையுள்ள பச்சை மரவள்ளிக்கிழங்கில் தண்ணீர் 60 கிராம்தான், ஆற்றல் 160 கலோரி, கார்போஹைட்ரேட் 38 கிராம், புரதம் 1.4 கிராம்; நார்ச்சத்து 1.8 கிராம், சுண்ணாம்புச்சத்து 16 மில்லிகிராம், இரும்புச்சத்து 0.27 மில்லிகிராம், பொட்டாசியம் 271 மில்லிகிராம், வைட்டமின் சி ஏறத்தாழ 21 மில்லிகிராம். ரகம், மண், பறித்த பருவம் ஆகியவற்றைப் பொறுத்து இவை மாறும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணைகளிலும் எண்கள் வேறாக இருக்கும். ஆனாலும் தழையில் நுண்சத்து, கிழங்கில் ஆற்றல் என்ற பொதுப்போக்கு எந்த அட்டவணையிலும் மாறாது.

இனி, 100 கிராம் கொத்தமல்லி என்றால் எவ்வளவு என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். நம் ஊரில் கிடைக்கும் ஒரு நடுத்தரக் கட்டில் வேரையும், மஞ்சள் படிந்த இலைகளையும், முற்றிய காம்பையும் நீக்கிவிட்டால் மிஞ்சுவது பெரும்பாலும் நூறு கிராமுக்குக் குறைவாகத்தான் இருக்கும். அதை ஒருவர் ஒரே வேளையில் உண்பதில்லை. ரசத்தில் தூவுவது இரண்டு மூன்று கிராம். சாம்பாரிலும் குருமாவிலும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஒருவர் தட்டுக்கு வருவது பத்து கிராமைத் தாண்டினால் அதுவே தாராளம். மரவள்ளியோ அப்படி இல்லை. அவித்துத் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்டு மாலையில் சாப்பிடும்போதும், தாளித்துக் காரமாகச் செய்யும்போதும், அடையாக வார்க்கும்போதும், ஒருவருக்கு இருநூறு கிராம் கிழங்கு எளிதாக உள்ளே போகிறது.

அந்த அளவுகளை வைத்துக் கணக்கைத் திரும்பப் போட்டால் பலகையின் முடிவு தலைகீழாகிறது. பத்து கிராம் கொத்தமல்லி தரும் இரும்புச்சத்து 0.18 மில்லிகிராம்; இருநூறு கிராம் மரவள்ளி தருவது 0.54 மில்லிகிராம். சுண்ணாம்புச்சத்து தழையில் 7 மில்லிகிராம், கிழங்கில் 32 மில்லிகிராம். பொட்டாசியம் தழையில் 52, கிழங்கில் 542. வைட்டமின் சி தழையில் 2.7 மில்லிகிராம், பச்சைக் கிழங்கில் 41 மில்லிகிராம். வேகும்போது அதில் பாதி போய்விட்டதாக வைத்துக்கொண்டாலும், தழையிலிருந்து கிடைப்பதைப்போல் ஏழு மடங்கு மிஞ்சுகிறது. ஆறு மடங்கு இரும்பு என்று பலகை எதைச் சொல்கிறதோ, அந்தச் சத்திலேயே தட்டில் கிழங்கு மூன்று மடங்கு முந்துகிறது. எடைக்கு எடை ஒப்பிடுவது ஆய்வுக்கூடத்துக்குச் சரி. வீட்டுக்குத் தேவைப்படுவது வேளைக்கு வேளை ஒப்பிடுவது.

இதைச் சொன்னவுடன் மரவள்ளியை இரும்புச்சத்துக்கான உணவாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி வளர்ந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராமும் ஆணுக்கு 19 மில்லிகிராமும் இரும்புச்சத்து வேண்டும். அந்தத் தேவைக்கு முன் 0.18 ஆனாலும் 0.54 ஆனாலும் இரண்டும் அற்பமே. இரத்தசோகை உள்ள பெண்கள் நம் தெருக்களில் எத்தனையோ பேர் இருக்கும்போது, மல்லித்தழையைக் கூடத் தூவினால் இரும்பு ஏறிவிடும் என்ற எண்ணத்தை ஒரு கடைப் பலகை விதைப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. அதே கடையில், அதே பலகைக்குக் கீழே, முளைக்கீரையும் அரைக்கீரையும் முருங்கைக்கீரையும் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அவை கூட்டாகவும் பொரியலாகவும் நூறு கிராம் கணக்கில் உண்ணப்படுபவை. கிழங்கோடு ஒப்பிட வேண்டுமென்றால் அவற்றை ஒப்பிட்டிருக்கலாம். சுண்ணாம்புச்சத்துக்கும் இதே கதைதான்; ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் தேவைப்படும் இடத்தில், 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் வைத்திருக்கும் கேழ்வரகை விட்டுவிட்டுத் தழையையும் கிழங்கையும் மோதவிடுவதில் பொருள் இல்லை.

அப்படியானால் கொத்தமல்லி வெறும் மணத்துக்கு மட்டும்தானா என்றால், நிச்சயமாக இல்லை. பலகை எழுதாமல் விட்ட இரண்டு சத்துகளில்தான் அதன் உண்மையான பெருமை இருக்கிறது. 100 கிராம் தழையில் ஏறத்தாழ 3900 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் இருக்கிறது; உடலுக்குள் அது வைட்டமின் ஏ ஆக மாறும்போது 337 மைக்ரோகிராமுக்கு ஈடாகிறது. மரவள்ளியின் வெள்ளைச் சதையில் இந்த வைட்டமின் ஏ ஈடு ஒரு மைக்ரோகிராம் அளவுதான். வைட்டமின் கே தழையில் 310 மைக்ரோகிராம்; கிழங்கில் இரண்டு மைக்ரோகிராம்கூட முழுதாக இல்லை. இந்த இரண்டிலும் பத்து கிராம் தழை, இருநூறு கிராம் கிழங்கை எட்டாத தூரத்தில் விட்டுவிடுகிறது. அடுப்பிலிருந்து இறக்கும்போது தூவும் ஒரு பிடிக்கும் பயன் உண்டு என்று துணிந்து சொல்லக்கூடிய இடம் இது.

அந்தப் பயன் முழுதாகக் கிடைக்க வேண்டுமானால் தூவுவதைவிட அரைப்பது நல்லது. நால்வர் உள்ள வீட்டில் ஒரு கட்டை முழுதாகத் துவையலாகவோ சட்டினியாகவோ அரைத்தால் ஆளுக்கு இருபது கிராம்வரை வந்துவிடும். வைட்டமின் ஏ 67 மைக்ரோகிராம், அதாவது ஒரு பெண்ணின் நாள் தேவையான 840 மைக்ரோகிராமில் எட்டு விழுக்காடு. வைட்டமின் கே 62 மைக்ரோகிராம், அதாவது ஒரு நாள் தேவையில் பெரும்பங்கு. பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது. ஆகவே தேங்காயோ, ஒரு கரண்டி நல்லெண்ணெயோ கூட இருந்தால்தான் உடல் அதை நன்றாக உறிஞ்சும். இட்லிக்குத் தேங்காயும் மல்லியும் சேர்த்து அரைக்கும் நம் வழக்கம் இந்தக் கணக்குக்கு அப்படியே பொருந்துகிறது. காம்பை எறிந்துவிட வேண்டாம்; இளங்காம்பில் மணமும் நாரும் இருக்கின்றன, அம்மியிலும் மிக்சியிலும் அது நன்றாகவே அரையும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் தழையை ஒரு நாள் அள்ளியும் மறுநாள் அறவே இல்லாமலும் உண்ணாமல், அளவை ஒரே சீராக வைத்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையை எதிர்க்கும்.

இனி மரவள்ளி. அது ஆற்றல் தரும் உணவு. அதை அந்த வரிசையில் வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். தேவனாம்பட்டினத்திலும் முதுநகரிலும் விடியுமுன் கடலுக்குப் போய்விட்டு வருகிறவர்களுக்கும், நாற்றங்காலிலும் கரும்பு வெட்டிலும் நாள் முழுவதும் குனிந்து நிமிர்கிறவர்களுக்கும் இருநூறு கிராம் கிழங்கு தரும் 320 கலோரி வரமே தவிர குறையல்ல. அதன் பெரிய குறை புரதம். அத்தனை கிழங்குக்கும் மூன்று கிராம் புரதம்கூடத் தேறாது. கிழங்கை மட்டுமே நம்பி வயிறு நிரப்பும் குழந்தைக்கு வளர்ச்சி குன்றும் என்பதால் அதோடு என்ன சேர்க்கிறோம் என்பது முக்கியம். நம் கரையில் மலிவாகக் கிடைக்கும் கவலை மீன் 100 கிராமில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு; மீன்குழம்புக்கு அவித்த மரவள்ளியைத் தொட்டுக்கொள்ளும் வழக்கம் கேரளத்தில் மட்டுமல்ல, இங்கும் பரவ வேண்டும் என்பது என் விருப்பம். மீன் உண்ணாதவர்கள் சுண்டலோ பாசிப்பயறோ கூட வைத்துக்கொள்ளலாம். குழம்பின் மேலே ஒரு பிடி மல்லியைப் போட்டால், பலகை எதிரிகளாக நிறுத்திய இரண்டும் ஒரே தட்டில் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பலகையின் "கிழங்கைக் குறைப்பீர்" என்ற அறிவுரை ஓரளவு பொருந்துகிறது. ஆனால் அவர்களுக்கும் சொல்ல வேண்டியதை அது சொல்லவில்லை. சமைத்த வெள்ளைச் சோறு 100 கிராமில் ஏறத்தாழ 130 கலோரியும் 28 கிராம் கார்போஹைட்ரேட்டும் இருக்கின்றன. மரவள்ளி அதற்கு ஒரு படி மேலே. ஆகவே மரவள்ளி காய் அல்ல, சோற்றுக்கு மாற்று. மதியம் வழக்கமான அளவு சோறும் போட்டு, அதன்மேல் மரவள்ளிப் பொரியலையும் காய் என்று எண்ணி வைத்துக்கொள்வதுதான் சர்க்கரையை ஏற்றுகிறது. கிழங்கு உண்ணும் வேளையில் சோற்றை விட்டுவிட்டால் அல்லது பாதியாக்கினால் கணக்கு நேராகிவிடும். சிறுநீரகக் கோளாறு காரணமாகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் இரண்டையுமே மருத்துவரைக் கேட்டு உண்ண வேண்டும். கிழங்கைச் சிறு துண்டாக நறுக்கி நிறைய நீரில் வேகவைத்து நீரை வடித்துவிட்டால் பொட்டாசியம் ஓரளவு இறங்கும்.

பலகையில் இருந்தே ஆக வேண்டிய, ஆனால் இல்லாத ஒரு செய்தி உண்டு. மரவள்ளியில் லினமரின் என்ற பொருள் இயற்கையாக இருக்கிறது. கிழங்கு நறுக்கப்படும்போதும் நசுங்கும்போதும் அதிலேயே உள்ள நொதி அதைச் சிதைக்க, ஹைட்ரஜன் சயனைடு என்ற நச்சு வெளியேறுகிறது. தோலில் லினமரின் மிகுதி. கசப்பு ரகங்களில் சதையிலும் மிகுதி. கடையில் விற்கும் இனிப்பு ரகங்களில் குறைவு என்றாலும், வெளித்தோலோடு உள்ளே இருக்கும் தடித்த இளஞ்சிவப்பு அல்லது வெள்ளைத் தோலையும் முழுதாக உரித்து, நறுக்கிச் சிறிது நேரம் நீரில் ஊறவிட்டு, மூடாத பாத்திரத்தில் நிறைய நீரில் நன்றாக வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். குக்கரில் சிறிதளவு நீரில் வைத்து, அந்த நீரையும் சேர்த்து மசிப்பதைத் தவிர்க்க வேண்டும். பச்சையாகக் கடித்துத் தின்னக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. கசக்கும் கிழங்கை எவ்வளவு வெந்திருந்தாலும் ஒதுக்கிவிட வேண்டும். ஒரு கடை தன் செலவில் பலகை வைக்கிறதென்றால் முதல் வரியாக இதைத்தான் எழுதியிருக்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும், சரக்கைப் பொறுத்தவரை அந்தக் கடைக்கு நான் தயங்காமல் நல்ல மதிப்பெண் கொடுப்பேன். மரவள்ளி மண்ணிலிருந்து எடுத்த இரண்டு மூன்று நாளுக்குள் கெடத் தொடங்கும் கிழங்கு. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே சதையில் நீலக் கறுப்புக் கீற்றுகள் ஓடியிருக்கும், வெந்தாலும் கட்டையாக நிற்கும். இந்தக் கடையில் கிழங்கைத் தராசில் வைக்குமுன், கடைக்கார அம்மா அதன் மெலிந்த நுனியை மளுக்கென்று முறித்து, முறிந்த முகத்தை வாங்குகிறவர் பக்கம் திருப்பிக் காட்டுகிறார். சதை பால்போல் வெண்மையாக, ஈரப்பசையோடு, நடுவில் ஒரு மெல்லிய நரம்பு மட்டும் தெரிய இருந்தால்தான் எடை போடுவார். கீற்று தெரிந்தால் கேட்பதற்கு முன்பே தனியே எறிந்துவிடுவார். "நுனியப் பாக்காம வாங்காதீங்க தம்பி, எங்க வாங்கினாலும்" என்று அவர் சொன்னது எல்லாக் கடைக்கும் பொருந்தும். மண் ஒட்டிய கிழங்கையே விற்கிறார்கள் என்பதும் நல்லதே. கழுவி வைத்த கிழங்கு விரைவில் கெடும். வாங்கும்போது தோலுக்கு மட்டும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எடை போய்விடும் என்பதை நினைவில் வைத்து, நால்வருக்கு ஒரு கிலோ வாங்கினால் போதும்.

கொத்தமல்லியில் கடை காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் என்றாகிவிடுகிறது. காலை எட்டு மணிக்குள் போனால் வேரோடு, வேரில் ஈரமண்ணோடு, விரலால் நசுக்கினாலே தெரு முழுக்க மணக்கும் கட்டுகள் கிடைக்கின்றன. பொழுது ஏற ஏறத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருப்பதால், மாலையில் வாங்கும் கட்டின் நடுவே இலைகள் கறுத்து வழவழப்பாகிவிடுகின்றன. மேலே தெளிப்பதை விட்டு, வேரை மட்டும் ஈரச்சாக்கில் நிறுத்தி வைத்தால் இந்தக் குறை நீங்கும். வீட்டிலும் இலை நனையாமல் வைப்பதுதான் முறை: கழுவாமல், ஈரமில்லாமல், வேரை நறுக்கிவிட்டுப் பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, எடுக்கும்போது மட்டும் நீரில் அலசி மணலை இறக்கினால் சில நாள் பசுமையாக இருக்கும். வாடி மஞ்சளான தழையில் மணத்தோடு வைட்டமின் சியும் போய்விடுகிறது. ஆகவே விலை குறைகிறதே என்று மாலைக் கட்டை வாங்குவதில் இலாபம் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டு சிறுத்து விலை ஏறும் நாட்களில் மல்லியைத் தேடி அலையவும் வேண்டாம். கறிவேப்பிலையும் புதினாவும் அருகிலேயே இருக்கின்றன.

தோல் உரித்து, நறுக்கி, நெகிழி உறையில் நீர் ஊற்றிக் கட்டிய மரவள்ளித் துண்டுகளையும் அண்மையில் விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது வசதிதான். ஆனால் எப்போது நறுக்கியது என்று உறையில் எழுதவில்லை, நுனியை முறித்துப் பார்க்கும் வாய்ப்பும் இல்லை, நீரில் கிடக்கக் கிடக்க வைட்டமின் சியும் கரைந்து வெளியேறுகிறது. முழுக் கிழங்கின் விலையைவிடக் கூடுதலாகவும் வாங்குகிறார்கள். இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பலகையைப் பற்றி அந்த அம்மாவிடமும் அவர் மகனிடமும் பேசினேன்; எதையோ படித்துவிட்டு நல்ல எண்ணத்தில் எழுதிய பலகை அது, மாற்றி எழுதுவதற்குத் தடையில்லை என்றார்கள். 100 கிராம் கணக்கை எடுத்துவிட்டு, பத்து கிராம் தழைக்கும் இருநூறு கிராம் கிழங்குக்கும் எழுதும்படியும், வைட்டமின் ஏ, கே இரண்டையும் சேர்க்கும்படியும், சிவப்பு எழுத்தை மரவள்ளியைத் தோல் உரித்து வேகவைத்து நீரை வடிக்கச் சொல்லும் வரிக்கு வைத்துக்கொள்ளும்படியும் எண்களைத் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது மாறும்வரை அங்கே போகிறவர்கள் பலகையைப் படிக்காமல் காலை எட்டு மணிக்கு முன் போய், முறித்துக் காட்டிய கிழங்கையும் வேரோடு இருக்கும் மல்லியையும் சேர்த்தே வாங்கலாம். ஞாயிறு மதியத்துக்குப் பிறகு கடை இருக்காது. திங்கட்கிழமை கிழங்கு வருவது சற்று நேரமாகிறது.